சவலைகளின் பெரியம்மா

குஞ்சுப் பெட்டி வரும் நாளில் பெரியம்மா சாப்பிட மாட்டார். காலையில் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்துவிட்டு கேட்டைப் பிடித்தபடி நிற்பார். பார்சல் ஆபீஸிலிருந்து போன் வந்ததும் ஆட்டோ பிடித்துப் பல்லடம் போவார். திரும்பி வரும்போது பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி அவர் மடியில் இருக்கும். உள்ளே கத்தல் பலமாக இருந்தால் அவர் முகம் சாதாரணமாக இருக்கும். சத்தம் இல்லாமல் இருந்தால்தான் அவருக்குப் பரபரப்பு வரும். "மூச்சே காட்டல பாரு கண்ணு, பாவம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடுவார். அந்தப் பருத்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று மற்ற நாட்களில் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் எனக்கு உறவில்லை. திருப்பூர், பல்லடம் சாலையில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளின் சொந்தக்காரர். முன்பக்கம் அவருடைய பெரிய வீடு. பின்னால் ஒரே சுவரில் ஒட்டியபடி எங்கள் அறைகள். எல்லா அறைகளிலும் பனியன் கம்பெனி ஆட்கள்தான். நான் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். என் தங்கை கோகிலா அதே கம்பெனியில் டெய்லர். எங்கள் ஊர் மூலனூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் முருங்கைத் தோட்டத்தை விட்டு ஒரு நாள்கூட நகர முடியாதவர்கள். குடிவந்த அன்றே வீட்டுக்கார அம்மா "பெரியம்மான்னு கூப்புடுங்க, ஓனரம்மான்னா எனக்குப் புடிக்காது" என்று சொல்லிவிட்டார். அப்படியே கூப்பிட்டோம்.

வாட்ஸ்அப்பில் படம் பார்த்துக் கோழிக்குஞ்சு வாங்குகிற பழக்கம் எங்கள் பக்கம் பரவியிருந்தது. தோட்டம் வைத்திருப்பவர்கள் கருங்கோழி என்றும் சண்டைக்கோழி இனம் என்றும் வெளியூர்ப் பண்ணைகளுக்குச் சொல்லிவிடுவார்கள். பொரித்த மறுநாளே பண்ணைக்காரர்கள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து பஸ்ஸிலோ லாரியிலோ ஏற்றிவிடுவார்கள். வழியெல்லாம் வெயிலும் தாகமும் நெரிசலும். வாங்கினவர்கள் பெட்டியைப் பார்சல் ஆபீஸிலேயே பிரித்து, காலூன்றி நிற்பதை எடுத்துக்கொள்வார்கள். தலை தொங்கியதை மூலையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப் போட்டதை எல்லாம் பெரியம்மா அள்ளிக்கொண்டு வருவார். சில சமயம் அவரே ஆர்டர் போடுவார். வந்ததில் திடமாக இருப்பதைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்குச் சும்மா கொடுத்துவிட்டு, சவலையை மட்டும் வைத்துக்கொள்வார்.

முன்வீட்டில் ஓர் அறையைக் குஞ்சுகளுக்கென்றே ஒதுக்கியிருந்தார். ஜன்னல் இடுக்குகளில் பனியன் துணிக் கழிவு அடைத்திருக்கும். பகலிலும் குண்டு பல்பு எரியும். உள்ளே நுழைந்தால் சூடும், தவிட்டு வாசனையும், ஈர இறகின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

அவர் ஒரு குஞ்சை உயிர்ப்பிப்பதை நான் முதல்முறை பார்த்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கழுத்து மடங்கி, கண் மூடி, செத்ததைப் போலவே கிடந்தது. அதை எடுத்து நெஞ்சோடு வைத்து முந்தானையால் மூடினார். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் விரலை நனைத்து அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தார். காத்திருந்தார். இன்னொரு சொட்டு. பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்திருந்ததைப் பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தார். ஒரு சின்ன அவசரம்கூட இல்லை. நெடுநேரம் கழித்து அது கண்ணைத் திறந்தபோது பெரியம்மாவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. "உன்னைய உட்டுருவனா சாமி, உட்டுருவனா" என்று அதனிடம் சொன்னார். அப்படி ஒரு குரலில் என்னிடம் யாரும் பேசியதில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது.

கால் விரிந்துபோய் நிற்க முடியாத குஞ்சுகளுக்கு, பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் மெல்லிசாக ஒரு நாடா வெட்டி இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிடுவார். கட்டிய சில நாட்களில் கால் நேராகிவிடும். கட்டை அவிழ்க்கலாமே என்று கேட்டால் "இன்னுஞ் சித்த போவட்டும்" என்பார். எதைக் கேட்டாலும் இதையே சொல்வார். வெளியே விடலாமே? இன்னுஞ் சித்த போவட்டும். தின்னக் கம்பு போடலாமே? இன்னுஞ் சித்த போவட்டும்.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். எனக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டபோது என் அறைக்கு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, விடியும்வரை நெற்றியில் துணி நனைத்துப் போட்டார். என் அம்மாகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். அடுத்த வாரம் நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும், "கேக்காம மோட்டாரப் போட்டது யாரு?" என்று வாசலில் நின்று கத்தினார். அதே வாய். லைனில் இருந்தவர்களுக்கு இது தெரியும். படுத்திருந்தால் மகள், எழுந்துவிட்டால் வாடகைக்காரி என்று பேசிச் சிரித்துக்கொள்வோம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குஞ்சு அறைக்குப் போயிருந்தேன். கருப்புக் குஞ்சு ஒன்று இறக்கை முளைத்து, பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டிருந்தது. நான் சந்தோஷமாக, "பெரியம்மா, பாருங்க, பறக்குதுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். வந்து அதைப் பிடித்து உள்ளே போட்டார். தீனித் தட்டை எடுத்து வெளியே வைத்தார். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் விட்டுவிட்டு, மேலே வலையை இழுத்துக் கட்டினார்.

"ஏனுங்க பெரியம்மா, தீனிய எடுத்துட்டீங்க?"

"நெஞ்சு இன்னும் தேறல கண்ணு. இப்பவே தின்னா தாங்காது."

"நல்லாத்தானே இருக்குதுங்க."

"உனக்கு அப்புடித் தெரியும்" என்றார் அன்பாக.

அடுத்த முறை போனபோது அந்தக் கருப்புக் குஞ்சு மற்றவற்றோடு பல்புக்கடியில் ஒடுங்கிக் கிடந்தது. பெரியம்மா அதை மடியில் வைத்து அலகில் சொட்டு வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவ்வளவு கனிவு. ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. ஆனால் என்ன என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோகிலாவுக்கு டைஃபாய்டு வந்தது. கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அறையில் அவளைத் தனியாக விட்டுப் போவது எப்படி என்று தவித்தபோது பெரியம்மாவே வந்தார். "என்ற ஊட்டுல வெச்சுப் பாத்துக்கறேன். நீ நிம்மதியா வேலைக்குப் போ" என்றார். குஞ்சு அறைக்கு அடுத்த அறையில் கட்டில் போட்டு அவளைப் படுக்கவைத்தார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

காய்ச்சல் இறங்கியது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, இனி எல்லாம் சாப்பிடலாம், மெதுவாக நடக்கலாம், சீக்கிரமே வேலைக்குப் போகலாம் என்றார். நான் அன்றே அவளை அழைத்துப்போக வந்தேன்.

"இன்னுஞ் சித்த போவட்டும்" என்றார் பெரியம்மா.

"டாக்டர் சொல்லிட்டாருங்களே."

"டாக்டரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுவாரு. நான் கூடவே இருக்கறவ. ராத்திரி நெஞ்சு எப்புடி அடிச்சுக்குது தெரியுமா? குடல் புண்ணு ஆறோணும். நடுவுல செத்துப் போனவங்கள நான் பாத்திருக்கறேன்."

செத்துப்போனவர்கள் என்ற வார்த்தை என்னை அடக்கிவிட்டது. கஞ்சித் தெளிவும் குளுக்கோஸும் தொடர்ந்தன. நாளாக ஆகக் கோகிலாவின் முகம் வெளுத்தது. கன்ன எலும்பு தெரிந்தது. பாத்ரூம் போகக்கூடப் பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். ஒருநாள் நான் கடையிலிருந்து இட்லி வாங்கிப்போனேன். பெரியம்மா குஞ்சு அறையில் இருந்தார். கோகிலா பொட்டலத்தைப் பறிக்காத குறையாக வாங்கித் தின்றாள். அவர் உள்ளே வந்து பார்த்தார். திட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றில் கை வைத்து, "வலிக்குதா கண்ணு? இங்க வலிக்குதா? இன்னும் கீழயா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் கோகிலாவுக்கு வலித்தது. அப்புறம் வாந்தி எடுத்தாள். பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

அதன்பிறகு கோகிலா என்னிடமே, "எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆயிருச்சுக்கா. பெரியம்மா இல்லீன்னா நான் போயிருப்பேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். கம்பெனியில் கேலியும் கூத்துமாக இருந்தவள் மெல்லிய குரலில், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டுப் பேசினாள். பக்கத்து அறையில் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டே இருந்தன. அவள் அறை ஜன்னலிலும் இப்போது பனியன் துணி அடைத்திருந்தது. எப்போது அடைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரே மகன். திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருந்தார். அபார்ட்மெண்டில் மனைவியோடு இருந்தார். எப்போதாவது காரில் வருவார், வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். மாரியம்மன் நோம்பிக்கு வந்திருந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். மகனைக் கண்டதும் பெரியம்மா முதலில் கேட்டது, "இளைச்சுட்டியா கண்ணு?" அப்படிக் கேட்கையில் அவர் குரலில் ஓர் ஆவல் இருந்தது.

"இல்லீங்மா. நல்லா இருக்கேன்."

"இருமல் கிருமல் இருக்குதா?"

"ஒண்ணும் இல்லீங்மா."

"அப்பச் சரி" என்று பெரியம்மா உள்ளே போய்விட்டார். தண்ணீர்கூடக் கொண்டுவரவில்லை.

மகன் காரில் ஏறப் போனவர், திரும்பி என்னிடம் வந்தார்.

"உள்ள படுத்திருக்கறது உங்க தங்கச்சிங்களா?"

"ஆமாங்க. டைஃபாய்டுங்க. காய்ச்சல் எப்பவோ நின்னுருச்சு..."

"நின்னுருச்சுன்னா ஏனுங்க இன்னும் உள்ள இருக்குது?"

அவர் வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு இருதயத்துல ஓட்டைன்னு சொல்லித்தாங்க வளத்துனாங்க. ஓடக்கூடாது, படி ஏறக்கூடாது, பிரேயர்ல நிக்கக்கூடாது. பாதி நாள் ஸ்கூலுக்கே உடமாட்டாங்க. நடு வீட்டுல படுத்துக்கெடப்பேன். காலேஜ் சேர்றப்ப செக்கப் பண்ணுன டாக்டரு, ஓட்டையும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சிரிக்கறாருங்க. அன்னிக்கு கிரவுண்டுல போயி ஓடுனேன். ஓடிப் பழக்கம் இல்லாததுனால விழுந்து விழுந்து ஓடுனேன்."

"அம்மாகிட்ட கேக்கலீங்களா?"

"கேட்டேன். பெத்தவளுக்குத் தெரியாதது டாக்டருக்குத் தெரிஞ்சுருச்சான்னாங்க. பொய் சொல்லுலீங்க. பொய் சொன்னாக்கூடப் பரவால்ல. நெசமாவே நம்பறாங்க. இன்னமும் நம்பறாங்க." கார்ச் சாவியை எடுத்தபடி, "கூட்டிட்டுப் போயிருங்க" என்றார். தன் போன் நம்பரைச் சொல்லிப் பதிந்துகொள்ளச் சொன்னார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போகவில்லை. நேரே முன்வீட்டுக்குப் போனேன். பெரியம்மா கோகிலாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி.

"ஊருக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க பெரியம்மா. அம்மா பாக்கோணும்ங்கறாங்க."

அவர் வாருவதை நிறுத்தவில்லை. "பஸ்லயா?"

"ஆமாங்க."

"தாராவரம் தாண்ட மாட்டா கண்ணு."

எவ்வளவு அமைதியாகச் சொன்னார்! கோகிலா அதைக் கேட்டு அழ ஆரம்பித்தாள். "வேண்டாங்கா, என்னால முடியாதுக்கா" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பெரியம்மா தடுப்பார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஒரு போர்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் சுற்றிவிட்டார். ஆட்டோ வரை தாங்கிப் பிடித்து நடத்தியும் வந்தார். ஏற்றிவிட்டு அவள் கன்னத்தைத் தடவி, என்னிடம், "நீயே கொண்டாந்து உடுவே. ரூம்பு அப்புடியே இருக்கும்" என்றார்.

அந்த பஸ் பயணத்தை என்னால் மறக்க முடியாது. கோகிலா என் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். கை சில்லென்று இருந்தது. பஸ் ஒவ்வொரு மேட்டிலும் குலுங்கும்போது அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். வழியில் குண்டடத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். மகன் ஏதோ மனத்தாங்கலில் சொன்னதை நம்பித் தங்கையைக் கொன்றுவிடப் போகிறேனோ என்று பயந்தேன். குண்டடம் வந்தது, போனது. நான் எழவில்லை.

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாற வேண்டும். அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தேன். எதிரே ஓட்டலில் தோசை வார்க்கிற சத்தம் கேட்டது. கோகிலா கண்ணைத் திறந்து அந்தப் பக்கமே பார்த்தாள்.

"என்ன கண்ணு, மயக்கம் வருதா?"

"பசிக்குதுக்கா" என்றாள், ஏதோ தப்புச் செய்துவிட்டவளைப் போல.

தோசையும் மிளகாய்ச் சட்னியும் வாங்கிக்கொடுத்தேன். தின்றாள். இன்னொன்று கேட்டாள். மூலனூர் போய்ச் சேரும்வரை அவள் வயிற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வலித்துவிடும் என்று பயந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

முதல் சில நாட்கள் அவள் பெரியம்மாவைக் கேட்டு அழுதாள். படி இறங்கப் பயந்தாள். அம்மா எதையும் பொருட்படுத்தாமல் சோறும் முட்டையும் போட்டாள், வேலையும் ஏவினாள். முருங்கை அறுப்பு தொடங்கியபோது கோகிலா காய்க்கட்டைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

நான் அறையைக் காலி செய்யப் போனபோது பெரியம்மா கேட்டருகே நின்றிருந்தார்.

"எப்புடி இருக்கறா?"

"நல்லா இருக்காளுங்க. காய்க்கட்டுத் தூக்கறா."

"தூக்கறாளா?" கேட்கக் கூடாததைக் கேட்டதைப் போல அவர் முகம் சுருங்கியது. "வெளிய தெரியாது கண்ணு. உள்ளுக்குள்ள இருக்கும். பாத்துக்கோ."

கிளம்பும்போது, அவளுக்கென்று வறுத்து அரைத்த கஞ்சி மாவை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். மூடி சூடாக இருந்தது. அன்று காலையில்தான் அரைத்திருக்கிறார். அந்த டப்பாவை நான் திறக்கவில்லை. குப்பையில் போடவும் மனம் வரவில்லை. பஸ் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

போன மாதம் அவரைப் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நன்றாக நரைத்திருந்தார். ஆனால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். அவர் முகம் அப்படிப் பொலிந்து நான் பார்த்ததில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தார்.

"பேரன் பொறந்திருக்கறான் கண்ணு. மாசம் ஆவறதுக்கு முந்தியே பொறந்துட்டான். இப்பத்தான் ஆசுபத்திரியில இருந்து ஊட்டுக்கு உட்டிருக்கறாங்க. பால் குடிக்கவே தெம்பு இல்லையாமா. உள்ளங்கையத்தனை இருக்கறான்."

"சந்தோசமுங்க பெரியம்மா. உங்க பையன் வரச் சொன்னாருங்களா?"

"அவனேதான் போன் பண்ணுனான். மருமவளுக்கும் ஒடம்பு முடியல, அவளுக்கு அம்மாவும் இல்ல. 'நீங்க வந்தாத்தான் அம்மா'ன்னு அழுவறான். காரு அனுப்பறேன்னான். அதுவரைக்கும் எனக்குப் பொறுக்குல."

"எவ்வளவு நாள் இருப்பீங்க?"

"அவன் தேறற வரைக்கும்" என்றார். பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினார்.

அந்தக் குழந்தை பிழைத்துக்கொள்ளும். அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. பிழைத்த பிறகு என்ன ஆகும் என்று மகனிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த பஸ் திருப்பூர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றியபோதுதான் மகனுக்குப் போன் செய்தேன். நான் யாரென்று சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"தெரியுமுங்க" என்றார், நான் விஷயத்தைத் தொடங்குவதற்கு முன்பே. குரல் தூக்கம் கெட்டுக் கரகரத்திருந்தது. "நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு தெரியும். நாள் பூரா யோசிச்சேன். கொழந்தை எடை ஏறவே மாட்டேங்குதுங்க. எனக்குத் தெரிஞ்சு இத அவுங்கள மாதிரிப் பாக்கறதுக்கு வேற ஆளே இல்லீங்க. தேறுனதும் அம்மாவக் கொண்டுபோய் விட்டுருவேன்."

"தேறிருச்சுன்னு யாருங்க சொல்றது?"

அந்தப் பக்கம் காலிங் பெல் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"அம்மா வந்துட்டாங்க" என்றார். போனை வைத்துவிட்டார்.